இரண்டு புள்ளி எட்டு

முப்பிடாதியக்காவின் கையைச் சங்கரபாண்டி அண்ணாச்சியின் அடையாள அட்டையில் வைத்து அளந்தது என் தவறுதான். புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாக வந்திருந்தார்கள். இரண்டு பேருடைய அட்டைகளும் என் மேசையில் கிடந்தன. அண்ணாச்சியின் அட்டையைக் கருவிக்குள் செருகிவிட்டு "வாங்க" என்று கூப்பிட்டேன். அவர் நாற்காலியைப் பிடித்து எழுந்து, முழங்காலை நிமிர்த்தி, நடந்து வருவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் அக்கா வந்து உட்கார்ந்து கையை நீட்டிவிட்டாள். நானும் யோசிக்காமல் மணிக்கட்டில் பட்டையைக் கட்டி, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, பொத்தானை அழுத்தினேன். திரையில் ஏழு புள்ளி ஒன்று என்று வந்தது.

நான் அந்த அளவு நிலையத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். ஒரு பெண்ணின் கையிலிருந்து நாலுக்கு மேல் எண் வந்து நான் பார்த்ததே இல்லை.

"என்ன செம்பகம், இந்த வருசமாவது அஞ்சு வருமா?" என்று அக்கா கேட்டாள். வருடா வருடம் கேட்கும் கேள்வி. அவளுக்கு இருந்த இடத்திலிருந்து திரை தெரியாது.

"இருங்கக்கா. அட்டை மாறிப் போச்சு. இன்னொரு தடவ பாத்துருவோம்."

அவளுடைய அட்டையைப் போட்டு மறுபடி அளந்தேன். இரண்டு புள்ளி எட்டு. சந்தேகம் தீராமல், பட்டையைக் கழற்றாமலே, அண்ணாச்சியின் அட்டையை இன்னொரு முறை செருகினேன். ஏழு புள்ளி ஒன்று. கை அதே கை, ரத்தம் அதே ரத்தம். பெயர்தான் மாறியிருந்தது.

அன்று அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. "ரெண்டு புள்ளி எட்டுக்கா" என்று மட்டும் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அண்ணாச்சிக்கு அவர் அட்டையிலேயே அளந்ததில் ஐந்து புள்ளி இரண்டு வந்தது. அவர் ஓய்வுக்காரர். ஓய்வில் இருப்பவர்களும் வருடத்துக்கு ஒருமுறை வந்து எண் ஐந்துக்குக் கீழே இறங்கவில்லை என்று காட்டிவிட்டுப் போக வேண்டும். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்கள். அக்கா அங்கிருந்து நேராக மத்தியான ஷிப்டுக்குப் போக வேண்டும்.

ஓய்வு வயது என்று ஒன்று முன்பு இருந்தது. அறுபது ஆனதும் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு பிள்ளைகள் குறைந்தார்கள், கிழவர்கள் பெருகினார்கள், வேலைக்கு ஆள் இல்லை. வயதை வைத்து ஏன் முடிவு செய்ய வேண்டும் என்று அரசாங்கம் கேட்டது. அறுபதிலும் ஓடுகிறவர் உண்டு, ஐம்பதிலேயே உட்கார்ந்துவிட்டவரும் உண்டு. உடம்பே சொல்லட்டும் என்றார்கள். மூட்டு வீக்கம், தசை தேறும் வேகம், நரம்பின் துடிப்பு, நடையின் தடுமாற்றம் எல்லாவற்றையும் அளந்து பூஜ்யம் முதல் பத்து வரை ஒரே எண்ணாகச் சொல்லும் கருவியைக் கொண்டுவந்தார்கள். அரசாங்கக் காகிதத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு. ஜனங்கள் நோவுமானி என்றார்கள். ஐந்தைத் தொட்டால் ஓய்வு, சாகும்வரை சாப்பாட்டுக்குக் கவலையில்லை. தொடாமல் வேலையை விட்டால் ஒன்றும் கிடையாது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அன்றைக்குக் கை தட்டியவர்களில் நானும் ஒருத்தி.

முப்பிடாதியக்காவுக்கு அறுபத்தாறு வயது. எங்கள் ஊர் நூற்பாலையில் நாற்பத்தைந்து வருடம். ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்தில் எட்டு மணி நேரம் நடந்து, அறுந்த நூலை இரண்டு விரலால் பிடித்து ஒட்டுவதுதான் அவள் வேலை. இப்போது அந்த இரண்டு விரலும் மடங்குவதில்லை. பக்கத்து மெஷின்காரிகள் மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் திரும்பும்போது ஓடி வந்து அவளுடைய நூலையும் ஒட்டிவிட்டுப் போகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஆலைக்குத் தெரிந்த அன்று தகுதியில்லை என்று வெளியே அனுப்பிவிடுவார்கள். எண் ஐந்துக்குக் கீழே இருக்கும்போது அப்படி வெளியே போனால் ஓய்வும் கிடையாது. இன்னும் எத்தனை மாதம் ஒளித்து வைக்க முடியும் என்பதுதான் அவளுடைய கவலை.

அன்று சாயங்காலம் நிலையத்தைப் பூட்டுவதற்கு முன்னால் என் கையிலேயே பட்டையைக் கட்டினேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கொஞ்ச நாளாகக் கட்டைவிரல் மூட்டில் வலி. என் அட்டையில் இரண்டு. காலையில் வந்துபோன யாரோ ஒரு ஆணின் பதிவில் வைத்துப் பார்த்தேன், நாலரை.  பதினோரு வருடத்தில் எத்தனை பெண்களுக்கு "தேறலக்கா" என்று சொல்லி அனுப்பியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். வீட்டுக்குப் போகும் முன் அளவு வாரியத்துக்கு எழுதிப் போட்டேன்.

பத்து நாள் கழித்து வாரியத்திலிருந்து ரெஹானா வந்தாள். சென்னைப் பெண், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நோவுமானியின் கணக்கு வேலையில் இருப்பவள். இப்படி வருகிற ஆட்கள் கருவியைத் துடைத்துவிட்டு "இப்ப சரியா இருக்கும் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இவள் தன் கையிலும் என் கையிலும் இருபது தடவை அளந்து பார்த்துவிட்டு, பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள்.

"கருவியில கோளாறு எதுவும் இல்ல மேடம். அது படிச்ச பாடத்தை ஒழுங்கா ஒப்பிக்குது."

"என்ன பாடம்?"

"ரத்தத்துல வீக்கம் எவ்வளவு இருக்குன்னு கருவிக்குத் தெரியும். ராத்திரி தூங்கி எழுந்ததுல தசை எவ்வளவு தேறியிருக்குன்னு தெரியும். ஆனா அதெல்லாம் எவ்வளவு வலின்னு அதுக்குத் தெரியாது. எந்தக் கருவிக்கும் தெரியாது. அதை மனுஷங்கதான் சொல்லணும். இருபத்தாறு வருஷம் முன்னாடி மூவாயிரம் பேரோட உடம்பை அளந்து, கூடவே அவங்ககிட்ட வலி எவ்வளவுன்னு கேட்டு எழுதினாங்க. இந்த அளவுக்கு வீக்கம்னா இந்த எண்ணுன்னு கருவி அதுல இருந்துதான் கத்துக்கிச்சு. அந்த மூவாயிரம் பேரும் ஒரே ஊரு, ஒரே ஆலை."

எனக்கு அடுத்து என்ன சொல்லப் போகிறாள் என்று தெரிந்துவிட்டது.

"அந்தக் கணக்குல பெண்கள் பெரும்பாலும் ரெண்டு சொல்லியிருக்காங்க. ஆண்கள் ஏழு, எட்டு. வீக்கம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். கருவியை உருவாக்கினவங்க அதைப் பார்த்துட்டு, பெண்களோட உடம்புக்கே வலி கம்மியாத்தான் தெரியும் போலன்னு முடிவு பண்ணிட்டாங்க. அதனால ஆணா பெண்ணான்னு பார்த்து எண்ணைத் தனித்தனியா போட வச்சிருக்காங்க. பெண்களுக்குத் தாங்கும் சக்தி அதிகம்னு கட்டுரையெல்லாம் வந்திருக்கு. நான் காலேஜ்ல அதைப் படிச்சுப் பரீட்சை எழுதினேன்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அந்தக் கேள்வி கேட்டவங்க யாருன்னு பழைய காகிதத்துல தேடினேன். உங்க பேரு இருக்கு மேடம்."

இருந்தது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது, அதுதான் முதல் வேலை. ஆலைக்குள் அளவுப் பட்டையும் எழுதும் அட்டையுமாக மெஷின் மெஷினாகப் போய், உடம்பை அளந்து, நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் கேட்க வேண்டும். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்க முடியாது, உங்களுக்கு எவ்வளவு? பெண்கள் பகுதியில் முதலில் கேட்டவள் சிரித்துக்கொண்டே "ரெண்டு போட்டுக்கோ தாயி" என்றாள். அடுத்தவளும் ரெண்டு. அதற்கு அடுத்தவளும்.

"ஏன் ரெண்டு?" என்று ரெஹானா கேட்டாள்.

"ஒண்ணுமில்லைன்னு எங்க ஊர்ல யாரும் வாயால சொல்ல மாட்டாங்க. நோவே இல்லைன்னு சொன்னா கண்ணு பட்டுரும், மறுநாளே படுக்கையில போட்டுரும்னு பயம். அதனால பூஜ்யம் கிடையாது. ஒண்ணு சொன்னா அதுவும் பூஜ்யம் மாதிரிதான். மூணு, நாலு சொன்னா மேற்பார்வையாளர் காதுல விழும். அவன் என் பின்னாலயே வந்துக்கிட்டு இருந்தான். முடியாதவங்களைக் கழிவுப் பஞ்சு பொறுக்குற இடத்துக்கு மாத்திருவான். அது தூசிக் காடு, கௌரவமும் கிடையாது. அப்ப மிச்சம் என்ன இருக்கு? ரெண்டுதான்."

"இது உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் பத்து நாளாக எனக்குத் தூக்கமில்லை. "தெரியும்" என்றேன். "நான் இந்த ஊர்க்காரி. தெரியாம எப்படி இருக்கும்? மேல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல. மூணாவது நாள்ல இருந்து பொம்பளைங்ககிட்டக் கேக்கவே இல்ல. பட்டையக் கட்டிட்டு நானே ரெண்டு ரெண்டுன்னு எழுதிக்கிட்டே போனேன். மெஷின் சத்தத்துல கேட்டாலும் காதுல விழாது, எப்படியும் அதைத்தான் சொல்லுவாங்கன்னு நெனச்சேன்."

ரெஹானா நான் சொன்னதைக் குறித்துக்கொண்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இதை எழுத்துல கொடுப்பீங்களா?" என்றாள்.

"கொடுக்குறேன்."

"உங்களை இந்த நாற்காலியில இருந்து எடுத்துருவாங்க."

"எடுக்கட்டும்."

"அது மட்டும் பத்தாது மேடம். பெண்களோட எண் தப்புன்னு நிரூபிச்சா, வாரியம் அதை மட்டும் மேல தூக்காது. தூக்கினா ஐம்பத்தஞ்சு வயசைத் தாண்டின பெண்கள்ல பாதிப் பேர் நாளைக்கே ஓய்வுல போயிருவாங்க. ஆஸ்பத்திரி, பஸ், ஆலை எதுவும் நடக்காது. ஆண்கள் சொன்னதுதான் சரின்னு என்ன ஆதாரம்னு கேப்பாங்க. ரெண்டையும் கலந்து எல்லாருக்கும் ஒரே அளவா வச்சிருவாங்க. பெண்களுக்கு ஏறும், ஆண்களுக்கு இறங்கும். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவுல இருக்கிற ஆண்கள் திரும்பவும் வேலைக்கு வரணும்." பிறகு கேட்டாள். "அந்த அம்மாவோட வீட்டுக்காரருக்கு எவ்வளவு?"

"அஞ்சு புள்ளி ரெண்டு."

"அப்ப அவரு திரும்பிப் போகணும்" என்றாள். "இது வலியைக் குறைக்கிற கருவி இல்ல மேடம். யாரை முதல்ல உட்கார வைக்கலாம்னு வரிசை போடுற கருவி. வரிசையில ஒருத்தரை முன்னாடி கொண்டு வந்தா இன்னொருத்தர் பின்னாடி போகத்தான் செய்வாங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கு ரெஹானாவைக் கூட்டிக்கொண்டு முப்பிடாதியக்காவின் வீட்டுக்குப் போனேன். அவளிடம் சொல்லாமல் என் வாக்குமூலக் கடிதத்தில் கையெழுத்துப் போட எனக்கு மனசு வரவில்லை.

கதவு திறந்தே கிடந்தது. அக்கா கட்டிலில் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி கீழே முக்காலி போட்டு உட்கார்ந்து, சட்டியில் இருந்த வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து அவளுடைய முழங்காலில் ஒத்தடம் போட்டுக்கொண்டிருந்தார். ஆறு வருடமாக, அவர் ஓய்வில் வந்த நாளிலிருந்து, இதுதான் அந்த வீட்டின் காலை வேலை. சோறு பொங்குவது, குழம்பு வைப்பது, தண்ணீர் பிடிப்பது எல்லாமே அண்ணாச்சிதான். ஒரு காலத்தில் சங்கச் செயலாளராக இருந்து ஆலை வாசலில் மைக் இல்லாமல் பேசியவர். அந்த மனுஷர் இப்படிப் பொண்டாட்டி காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று தெருவில் கேலி பேசுவார்கள். அவர் கண்டுகொண்டதில்லை. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு.

"வா செம்பகம். இது யாரு, பட்டணத்துப் பிள்ளையா? உக்காருத்தா" என்றாள் அக்கா. டம்ளரை விரலால் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துக் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை மாறியது, ஏழு புள்ளி ஒன்று, இருபத்தாறு வருடத்துக்கு முன் நான் கேட்காமல் எழுதியது, இப்போது கடிதம் போனால் என்ன ஆகும் என்பது வரை ஒன்றையும் விடவில்லை. அண்ணாச்சியின் கை துண்டோடு முழங்காலிலேயே நின்றுவிட்டது.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்போ எனக்கு அஞ்சு வரும். அவுகளுக்கு அஞ்சு போயிரும்."

"ஆமாக்கா."

"வேண்டாம்" என்றாள் உடனே. "அவுக கால நீ பாத்திருக்கியா? வெயில் வர்ற வரைக்கும் கக்கூஸ் போறதுக்கே சுவரப் பிடிச்சுக்கிட்டுத்தான் போவாக. இந்த வயசுல திரும்ப ஷிப்டுக்கா? என்னோடது ரெண்டுன்னே இருந்துட்டுப் போகட்டும். பக்கத்து மெஷின் பிள்ளைக எனக்கு நூல் ஒட்டித் தரும். நீ அந்தக் காயிதத்த அனுப்பாத."

"அக்கா, இது உங்க ஒருத்தர் விஷயம் இல்ல."

"என் விஷயத்தத்தான் நான் சொல்ல முடியும்."

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. இப்படித்தான் சொல்வாள் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்ததே, அந்த எரிச்சல். ரெஹானா என் முகத்தைப் பார்த்தாள். நான் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைக்கப் போனேன்.

"செம்பகம், அத இங்க கொண்டா" என்றார் அண்ணாச்சி.

அவர் கடிதத்தை வாங்கிப் படிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டார். ரெஹானாவைப் பார்த்துக் கேட்டார். "ஆம்பளைக சொன்னது சரியா தப்பான்னு ஆதாரம் இல்லன்னியாம்மா?"

"ஆமா சார். ஏன் எல்லாரும் ஏழு எட்டுன்னு சொன்னாங்கன்னு தெரியல."

"நான் சொல்லச் சொன்னேன்" என்றார். "செம்பகம் கேள்வி கேக்க வர்றதுக்கு மொதநாள் சங்க ஆபீஸ்ல கூட்டம் போட்டோம். காலை ஷிப்டு முடிஞ்சு சாயங்காலம் அஞ்சு மணிக்கு. ஆலைக்காரன் எதுக்கு நம்ம வலியக் கேக்கான்? நாளைக்கு வேலைப் பளுவ ஏத்துறதுக்காத்தான் இருக்கும். கொறச்சுச் சொன்னா இன்னும் ரெண்டு மெஷினத் தலையில கட்டுவான். அதனால ஏழுக்குக் கொறஞ்சு ஒருத்தனும் சொல்லாதிய. இதுதான் நான் பேசுனது. எல்லாரும் கையத் தூக்குனானுவ. சொன்னபடியே சொன்னானுவ."

"அன்னைக்கு உங்களுக்கு உண்மையிலேயே எவ்வளவு வலி சார்?"

"எனக்கு அப்போ நாப்பத்திமூணு வயசு. வலின்னு பெருசா ஒண்ணும் இல்ல. எட்டுன்னு சொன்னேன்."

 அண்ணாச்சி மனைவியைப் பார்க்காமல் துண்டை மறுபடி வெந்நீரில் முக்கினார். வெந்நீர் ஆறிப்போயிருந்தது.

"அந்தக் கூட்டத்துக்குப் பொம்பளைக யாரும் வரலயா?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"அஞ்சு மணிக்குப் பொம்பளைக எப்படி வருவாக? வீட்டுக்குப் போயி உலை வைக்கணும்லா."

"நானும் அன்னைக்கு உலை வச்சுக்கிட்டுத்தான் இருந்திருப்பேன்."

"ஆமா."

"நீங்க கூட்டம் முடிஞ்சு இந்த வீட்டுக்குத்தான வந்திய?"

"இங்கதான் வந்தேன்."

"சாப்பிட்டிய."

"சாப்பிட்டேன்."

"மறுநா காலையில ரெண்டு பேரும் ஒண்ணாத்தான ஆலைக்குப் போனோம்?"

அண்ணாச்சி தலையை ஆட்டினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலயா?"

 பொய் சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்தேன். மறந்துவிட்டேன் என்றோ, சத்தியம் வாங்கியிருந்தார்கள் என்றோ அவர் சொல்லியிருக்கலாம். நாங்களும் நம்பியிருப்போம்.

"தோணல" என்றார். "சங்கத்து விஷயம் சங்கத்தோட. வீட்டுல சொல்லக்கூடாதுன்னு நெனைக்கல. சொல்லணும்னே தோணல."

முப்பிடாதியக்கா அவருடைய கையிலிருந்து முழங்காலை மெல்ல விடுவித்துக்கொண்டாள். கோபத்தில் செய்ததாகத் தெரியவில்லை. இரண்டு கையாலும் காலைத் தூக்கி, கட்டிலை விட்டுக் கீழே வைத்து, எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். வலியில் அவள் உதடு வெளுத்துப் போயிற்று.

"இந்தா பிள்ள" என்று ரெஹானாவைக் கூப்பிட்டாள். "இப்ப நான் சொன்னா எழுதிக்கிடுவியா?"

"எழுதிக்கிறேன்மா. சொல்லுங்க."

"தூங்கி எந்திரிச்சா, படுக்கப் போறப்ப இருந்த அசதியவிட எந்திரிக்கிறப்ப இருக்க அசதி சாஸ்தி. தூக்கம் வராம இல்ல. தூங்குதேன். தூங்கித் தீர மாட்டேங்கு. விரல ஒவ்வொண்ணா இன்னொரு கையால பிரிச்சு விடணும். பாதம் தரையில பட்டா உசுரு போயி உசுரு வருது. மத்தியானம் கொஞ்சம் தேவலன்னு இருக்கும், அப்பத்தான் ஷிப்டு. நாலு மணிக்கு மேல நான் நடக்குறது எனக்கே தெரியாது. கழுத்துக்குக் கீழ ஈயத்தக் காய்ச்சி ஊத்துனது கணக்கா இருக்கும். பேசுனா அழுகை வந்துரும்னு யாருட்டயும் பேச மாட்டேன். திமிரு பிடிச்சவன்னு பேரு. இது இன்னைக்கு நேத்து இல்ல, பதினேழு வருசம். வயசானா அப்படித்தான்னு சொன்னாக. சரி, எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் போல, நமக்குத்தான் தாங்கத் தெரியலன்னு நெனச்சுக்கிட்டேன்."

அண்ணாச்சி முக்காலியில் இருந்தபடியே அவளை நிமிர்ந்து பார்த்தார். "தெனமும் கேப்பேனே முப்பிடாதி. எப்படி இருக்குன்னு தெனமும் காலையில கேப்பேனே. பரவாயில்லன்னு சொல்லுவியே."

"சொல்லுவேன்" என்றாள். "நீங்க சிரமப்பட்டுக் குனிஞ்சு ஒத்தடம் போடுதீய. கொறையலன்னு எப்படிச் சொல்ல?"

ரெஹானா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "எண்ணா ஒண்ணு சொல்லணும்மா. காகிதத்துல கேக்குறாங்க."

"ஒம்போது" என்றாள் அக்கா. அதைச் சொல்லிவிட்டுத் தானே பயந்துபோனவள்போல வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணாச்சி என்னிடம் பேனா வாங்கி, ஆண்களை ஏழு எட்டு சொல்லச் சொன்னது தான்தான் என்று கடிதத்தின் அடியில் எழுதினார். சங்கச் செயலாளர் கையெழுத்து இருபத்தாறு வருடத்துக்கு அப்புறமும் கோணாமல் வந்தது. "நான் திரும்பப் போறேன்" என்றார். "எனக்கும் வலிதான். அது பொய்யில்ல. ஆனா போறேன்."

அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் எதிர்பார்த்தேன். அவளும் சொல்ல நினைத்திருப்பாள் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் சொல்லவில்லை.

வாரியம் எட்டு மாதம் இழுத்தது. நடுவில் இரண்டு முறை முப்பிடாதியக்காவின் நூல் விஷயம் மேற்பார்வையாளருக்குத் தெரியவந்து, பக்கத்து மெஷின்காரிகள் காலில் விழாத குறையாகக் கெஞ்சித் தடுத்தார்கள். ஆண்கள் பக்கத்தில் எங்களைத் திட்டாதவர்கள் இல்லை. அண்ணாச்சியைத் துரோகி என்று சங்க ஆபீஸ் சுவரிலேயே எழுதினார்கள். கடைசியில் ரெஹானா சொன்னபடியேதான் ஆயிற்று. எல்லாருக்கும் ஒரே அளவு. முப்பிடாதியக்காவுக்கு ஐந்து புள்ளி ஒன்று வந்தது. அண்ணாச்சிக்கு மூன்று புள்ளி ஏழு. என்னை நிலையத்தில் முன்பக்கம் டோக்கன் கொடுக்கிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இனிமேல் நான் யாருடைய கையிலும் பட்டை கட்டக்கூடாது என்று உத்தரவு. அதில் எனக்கு வருத்தம் இல்லை. இதைவிடப் பெரிதாகக் கொடுத்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அண்ணாச்சி முதல் நாள் ஷிப்டுக்குப் போன அன்று மத்தியானம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவருக்கு இப்போது எழுபது. ஆலை வாசல் வரைக்கும் நடந்து போவதைத் தெருவில் நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்களாம். யாரும் கேலி பேசவில்லை என்று சொன்னார்கள்.

அக்கா கட்டிலில் இருந்தாள். பாத்திரம் கழுவாமல் கிடந்தது. தலை வாரவில்லை. கண் இரண்டும் வீங்கியிருந்தன. எனக்குக் குற்ற உணர்ச்சியாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணாச்சிய நெனச்சு அழுதீங்களாக்கா?"

"இல்ல" என்றாள். "அவுகளுக்காகன்னு நெனைக்காத. காலையில அவுகள அனுப்பிட்டு வந்து உக்காந்தேன். ஷிப்டு இல்ல, எங்கயும் போக வேண்டியதில்ல. சும்மா உக்காந்தேன். நோவு வந்துச்சு. நோவுக்குத்தான் அழுதேன் செம்பகம். இத்தன வருசமும் அதுக்கு நேரமே இல்லாம போச்சு."